ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கடை

பெரிய நகரத்துக்குப் போனால் ஒருவருக்கு வண்டி வாகனத்தைக் கண்டு பயம், இன்னொருவருக்குப் பையைப் பிடுங்குகிறவனைக் கண்டு பயம். தையல்காரிக்குச் சாப்பாட்டுக் கடையைக் கண்டு பயம். ஒரு தெருவில் நாலு கடை சேர்ந்தாற்போல் தென்பட்டால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும், இவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். சிரித்துவிட வேண்டாம். அவள் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு நாள் அரித்து, இரண்டு தரம் வாந்தி எடுத்து, மறுநாள் எழுந்து விளையாடப் போகிற ஆகாமை இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ ஆசையாய்க் கொடுத்த மிட்டாயில் ஒரு துணுக்கு கிடந்து, உதடு வீங்கி, மூச்சு அடைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்தில் தையல்காரியின் செருப்பு ஒன்று வழியிலேயே போயிற்று. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அன்று பிடித்த பயம் மட்டும் அவளை விடவே இல்லை.

அந்தப் பிள்ளைதான் இப்போது பள்ளிக்கூடத்தை முடித்து, நகரத்துக் கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் தலைகால் புரியாமல் குதித்தபோது தையல்காரி மெஷினில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். விடுதியில் விசாரித்தாயிற்று. வார நாட்களில் இவளுக்கென்று தனிப் பாத்திரத்தில் சமைத்துத் தருவார்களாம். காப்பாளர் அம்மாள் தன் வாயாலேயே உறுதி சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு விடுமுறை. பிள்ளைகள் வெளியே போய்த்தான் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

விஷயம் அந்த ஒரு நாளில் வந்து நின்றது. தையல்காரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நம்பிக் கை நனைக்கிற மாதிரி ஒரு கடை கிடைத்தால் மகள் சேரலாம். கிடைக்காவிட்டால் சாயங்கால ரயிலில் இரண்டு பேரும் ஊர் திரும்ப வேண்டியதுதான். பேச்சோடு விடவில்லை, திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட்டும் வாங்கிப் பைக்குள் மடித்து வைத்திருந்தாள். மகள் அதைப் பார்த்துவிட்டாள். ரயிலில் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனில் வந்து நின்றது தையல்காரியின் தம்பி. ஏசி மெக்கானிக். நகரத்தில் அவன் ஏணி சாத்தாத கட்டிடம் இல்லை, சாப்பிட்டுப் பார்க்காத தெருவும் இல்லை. குடும்பத்தில் சாப்பாட்டு ராமன் என்றால் அவன்தான். நல்ல கடையைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு சாஸ்திரமே இருந்தது. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடைக்குள் நுழையவே கூடாது. உள்ளே போகிறவன் முகத்தைப் பார்க்காதே, அவனுக்குப் பசி. வெளியே வருகிறவன் முகத்தைப் பார். பக்கத்துக் கடைக்காரனும் டிரைவர்களும் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கே போ. சாப்பாட்டுப் பட்டியல் கல்யாண ஆல்பம் கனத்துக்கு இருந்தால் பாதி ஐட்டம் நேற்றையது. இதையெல்லாம் அவன் அக்காவுக்கு நடந்துகொண்டே ஒப்பித்தான். அக்காவுக்குக் காதில் ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது நல்ல கடை அல்லவே, கொல்லாத கடை.

முதல் கடையில் கூட்டமான கூட்டம். வேர்க்கடலை சேர்ப்பதுண்டா என்று கேட்டதற்குப் பரிமாறுகிறவன், தன்னைக் கேட்டால் தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் பறந்தான். இரண்டாவது கடையில் எண்ணெயின் பெயரைக் கேட்டதற்கே முதலாளிக்குக் கோபம் வந்தது. அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தார்கள்.

மூன்றாவது கடை கண்ணாடியும் விளக்குமாகப் பளபளத்தது. கழுத்தில் டை கட்டிய பையன், தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் இல்லைங்க" என்றான். சோறும் வதக்கிய காயும் வந்தன. கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளப் பழுப்பாக ஏதோ வந்தது.

இந்த இடத்தில் தையல்காரியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மிட்டாய் நாளிலிருந்து மகளின் தட்டில் முதல் வாய் மகளுக்கு இல்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், துணியின் நயம் பார்ப்பதுபோல, ஒரு கிள்ளு எடுப்பாள். நுனி நாக்கில் வைப்பாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்து, அப்புறம் தலையாட்டுவாள். அதற்குப் பிறகுதான் மகள் சாப்பிடலாம். ராஜாவுக்கு விஷம் பார்க்கிற ஆள் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். மகளுக்குச் சின்ன வயசில் அது விளையாட்டாக இருந்தது. இப்போது நாலு பேர் நடுவில் அம்மா கையை நீட்டும்போது காது சிவந்துவிடும். ஆனாலும் ஒருநாளும் தடுத்ததில்லை.

தையல்காரி பழுப்புக் கிண்ணத்தில் விரலை விட்டாள். நாக்கில் வைத்தாள். கண்ணைத் திறந்தவள் தட்டை மகளிடமிருந்து சட்டென்று இழுத்தாள். கடலை. சந்தேகமே இல்லை, வறுத்து அரைத்த வேர்க்கடலை.

டை கட்டிய பையன் முகத்தில் ஈயாடவில்லை. மேலாளர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார், வேறு ஏதாவது தரட்டுமா என்றார். தையல்காரி கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கடையே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் தம்பி, அக்காவின் நாக்குக்குக் கோயில் கட்டலாம் என்றான். வந்த வேளையிலிருந்து குன்றிப்போயிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து நடந்தாள். இவ்வளவு நாள் செய்தது வீண் இல்லை, தான் இல்லாவிட்டால் இன்று பிள்ளை இல்லை. அந்த நினைப்பில் பெருமையும் நடுக்கமுமாக அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. கையைக் கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை.

நாலாவது கடையை மகள்தான் காட்டினாள். விடுதித் தெருவின் முனையில், லாண்டரிக்கு அடுத்தாற்போல, ஏழெட்டு மேசை போட்ட சின்னக் கடை. அன்றைக்கு என்னென்ன உண்டு என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது, மொத்தமே நாலு வரி, ஓரத்தில் ஞாயிறும் உண்டு என்று ஒரு குறிப்பு. தம்பி அந்தப் பலகையைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையாட்டினான். கடைக்கார அம்மாள் முழங்கை வரை சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். உள்ளே அடுப்படியில் அவள் கணவர். தையல்காரி கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மாள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. சாப்பிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டாள். தையல்காரி சொன்னாள். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது.

"நீங்களே உள்ள வந்து பாத்துடுங்க. உங்க கண்ணால பாத்தாத்தான் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாள்.

இப்படி ஒரு வார்த்தையைத் தையல்காரி எந்தக் கடையிலும் கேட்டதில்லை. உள்ளே போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எண்ணெய் டின்னை மோந்து பார்த்தாள். மசாலா டப்பாக்களின் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கரண்டி, அரவை மெஷின், அலமாரியின் மேல்தட்டு, கரித்துணி, ஒன்றையும் விடவில்லை. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாணலியை இன்னொரு முறை தேய்த்துக் கழுவிக் காட்டினார். அந்தச் சமையலறையில் அவள் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது அவளோடு உள்ளே போய், அவளோடு வெளியே வந்தது.

சோறும் காயும் பொரித்த மீனும் வந்தன. தையல்காரி மகளின் தட்டில் ஒரு கிள்ளு எடுத்தாள். நாக்கில் வைத்தாள், கண்ணை மூடினாள், தலையாட்டினாள். மகள் சாப்பிட ஆரம்பித்தாள்.

அவளும் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் இந்த ஓரத்து மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள் என்று ஒரு காட்சி மனசில் வந்தது. அது பிடித்துத்தான் இருந்தது. பைக்குள் கிடக்கிற டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்துவிடலாமா என்று தம்பியைக் கேட்க வாயெடுத்தாள்.

மகள் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி குடித்தாள். உதட்டின் ஓரத்தைப் பல்லால் தேய்த்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லம்மா. காரம்."

தையல்காரிக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. அதில் காரமே இல்லை. மகளின் கழுத்தைப் பார்த்தாள். காலர் ஓரமாகச் சிவப்புத் தடிப்பு ஏறிக்கொண்டிருந்தது. "காரம்தான்" என்று மகள் இன்னொரு தரம் சொன்னபோது அந்தக் குரல் அவள் குரலாக இல்லை.

தையல்காரி பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். டிக்கெட், சீப்பு, அளவு டேப், கடைசியில் ஊசி டப்பா. கடலை பட்டு மூச்சு அடைத்தால் உடனே தொடையில் குத்த வேண்டிய மருந்து ஊசி அது. ஒவ்வொரு மாதமும் வீட்டில் மருந்தில்லாத ஊசியால் தலையணையில் குத்திப் பழகியவள். ஊசிக்கும் அவளுக்கும் இருபது வருஷத்து உறவு, இருட்டிலும் நூல் கோப்பாள். அந்தக் கை இப்போது மூடியைக் கழற்ற முடியாமல் வெடவெடவென்று ஆடியது. ஊசி மேசை மேல் விழுந்து உருண்டது. மகள் அதை எட்டிப் பிடித்தாள். மூடியைப் பல்லால் இழுத்தாள். பாவாடைத் துணியோடு சேர்த்துத் தன் தொடையில் தானே ஓங்கிக் குத்திக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் தையல்காரிக்கு ஞாபகம். தம்பி போனில் ஆம்புலன்ஸைக் கத்தி அழைத்தது. கடைக்காரர் அடுப்பை அணைக்காமலே நடுரோட்டில் போய் நின்று கையை வீசியது. கடைக்கார அம்மாள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நான் ஒன்றும் போடவில்லை, நான் ஒன்றும் போடவில்லை என்று முணுமுணுத்தது. மகளின் ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி போய்வந்தது. அடுத்த மூச்சு வருமா என்று தையல்காரி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வந்துகொண்டே இருந்தது. உள்ளே இன்னும் ஏதேதோ மருந்து ஏற்றினார்கள். ஒரு வழியாக டாக்டர் வெளியே வந்து, இனிப் பயமில்லை, ஆனால் சிலருக்குத் திரும்பவும் வரும், நாளைக் காலைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். ஊசியைத் தாமதிக்காமல் போட்டது யார் என்று கேட்டுப் பாராட்டினார். தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாழ்வாரத்தில் தம்பி கொதித்துக்கொண்டிருந்தான். அந்தக் கடையை இழுத்து மூடவைக்காமல் விடப்போவதில்லை என்றான். எல்லாம் நடிப்பு, உள்ளே கூப்பிட்டுக் காட்டியதே நடிப்பு என்றான். போனில் படபடவென்று எழுதத் தொடங்கினான், நகரமே படிக்கப் போகிறது என்றான். தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போதுதான் அழுகை வந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கடலை வாசம்.

வறுத்து அரைத்த கடலை வாசம் கைக்குட்டையிலிருந்து குப்பென்று மூக்கில் ஏறியது. முகத்தை எடுத்தாள். துணியின் மூலையில் பழுப்பாக ஒரு திட்டு காய்ந்திருந்தது. தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நகக்கண்ணிலும் அதே பழுப்பு. அந்த விரல்தான் மகளின் தட்டுக்குள் போனது.

அவள் வாழ்நாளில் பட்ட பயமெல்லாம் ஒன்று, இந்தப் பயம் வேறு. எதிரில் வருகிற லாரியைப் பார்த்தால் ஒதுங்கலாம். தன் கையை விட்டு எங்கே ஒதுங்குவது? அவள் அந்த விரலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பும் வந்தது, மறைப்பானேன். மகளுக்குத் தெரிந்தால் இனி அம்மா தொட்டதைச் சாப்பிடுவாளா? தம்பியின் கட்டைவிரல் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதாதடா" என்றாள். "அவங்க மேல தப்பில்ல. என் கைதான்."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. கைக்குட்டையை நீட்டினாள். அவன் மோந்து பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி நின்றுவிட்டு, எழுதியதை அழித்தான்.

மகளைப் பார்க்க விட்டபோது அவள் முகம் இன்னும் வீங்கியே இருந்தது. தையல்காரி கட்டிலை ஒட்டிப் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றே சொன்னாள். எதையும் விடவில்லை. விரல், கைக்குட்டை, கழுவ மறந்தது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு மகள் என்ன சொல்வாளோ என்று காத்திருந்தாள்.

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத வாயிலயே அரிச்சுதும்மா" என்றாள்.

"என்னது?"

"மொத வாய் வெச்சதுமே உதடு அரிச்சுது. தெரிஞ்சுபோச்சு எனக்கு. சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா சாயங்கால வண்டி."

தையல்காரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் கடலைக்குப் பயந்து பயந்து பிள்ளையை வளர்த்தாள். பிள்ளையோ கடலைக்குப் பயப்படவில்லை, அம்மாவுக்குப் பயந்திருக்கிறது. மூச்சு அடைக்கிறபோதும் காரம் என்று பொய் சொல்லத் துணிகிற அளவுக்குப் பயந்திருக்கிறது. தன் விரல் செய்ததைவிட இது அவளை அதிகமாக நடுக்கியது. ரயில் புறப்படுகிற நேரம் வந்தது, போயிற்று.

மறுநாள் மத்தியானம் விடுவித்தார்கள். புது ஊசி டப்பா ஒன்றும் எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது மகள் பசிக்கிறது என்றாள். எங்கே போகலாம் என்று தம்பி சுரத்தில்லாமல் கேட்டான். அவனுடைய சாஸ்திரமெல்லாம் அன்று வாயைத் திறக்கவில்லை.

"அந்தக் கடைக்கே போலாம், மாமா."

வேண்டாம் என்று சொல்லத் தையல்காரி வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசல் பலகையில் எழுத்து இல்லை. உள்ளே மேசை மேலெல்லாம் டப்பாக்களைக் கவிழ்த்துக் கொட்டிவைத்துக்கொண்டு கடைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகள் நடந்து வருவதைக் கண்டதும் எழுந்தாள், எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. எதில் இருந்ததென்று தெரியவில்லையே, தேடித் தேடிப் பார்த்துவிட்டேனே என்று அழ ஆரம்பித்தாள். தையல்காரி அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"உங்க கடையில ஒண்ணுமில்லம்மா. வேற கடையில தொட்ட கையைக் கழுவாம உங்க சாப்பாட்டுல வெச்சுட்டேன். தப்பு என்னோடது" என்றாள்.

கடைக்கார அம்மாள் வைதிருந்தால் தையல்காரி வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் வையவில்லை. விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டாள். "பிள்ளை என்ன சாப்பிடும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தையல்காரி குழாயடியில் நின்று கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, நகக்கண்ணைச் சுரண்டி, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். கைக்குட்டையை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். காற்றில் கையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மகள் உள்ளங்கையை நீட்டினாள். என்ன என்று அவள் கேட்கவில்லை. பையைத் திறந்து ஊசி டப்பாவை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். மகள் அதைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

தட்டுகள் வந்தன. எண்ணெய் என்ன, மசாலாவில் என்ன என்று மகளே கேட்டாள், கடைக்கார அம்மாளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தையல்காரியின் வலது கை தன்னால் மேசை மேல் ஏறி மகளின் தட்டை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அரிச்சா ஒடனே சொல்வேன்" என்றாள் மகள். "நீ வண்டிப் பேச்சு எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

மகள் முதல் வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். தையல்காரி அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. மகள் நாக்கால் உதட்டைத் துழாவினாள். தண்ணீர் டம்ளரை எட்டினாள்.

"என்னம்மா?"

"காரம்."

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தையல்காரியின் முன்னாலும் அதே சோறு, அதே காய். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தால் காரமா இல்லையா என்று தெரிந்துவிடும். தொடைக்கு அடியில் விரல் துடித்தது. மகள் டம்ளரைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரி தன் தட்டைத் தொடவில்லை. இடது கையால் ஜாடியை எடுத்து மகளின் டம்ளரை நிரப்பினாள். ஜாடியின் மூக்கு டம்ளர் விளிம்பில் பட்டுக் கடகடவென்று அடித்தது, தண்ணீர் பாதி மேசையில் கொட்டியது.

"அப்போ தண்ணியக் குடிச்சிட்டு மெதுவாச் சாப்பிடு" என்றாள்.